பல அடுப்பும் ஒரு மேசையும்

கல்லூரி மலர்களிலே நூல்நிலையத்தைப் பற்றி எழுதுவார் பலர். விளையாட்டு மைதானத்தைப் பற்றி எழுதுவாரும் பலர். மாணவர் உண்ணும் இடத்தைப் பற்றி எழுதுவார் மிகச் சிலரே. உண்பதும் கல்வியின் ஒரு கூறு என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றாமையே இதற்குக் காரணம் போலும். ஆயினும், ஒரு கல்விநிலையம் தன் மாணவரை எவ்வாறு மதிக்கின்றது என்பதை அறிய விரும்புவார், அதன் பிரதான மண்டபத்தைப் பார்ப்பதோடு அமையாது போசனசாலையையும் எட்டிப் பார்த்தல் வேண்டும். பழைய மாணவர் சங்கத்தார் இம்மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனக் கேட்டபொழுது, சில ஆண்டுகளுக்கு முன் யாம் கண்ட ஒரு பல்கலைக்கழக உணவுக்கூடத்தைப் பற்றி எழுதுவதே தகும் எனத் துணிந்தோம்.

யாம் பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரத்தோடு வகுப்பறை புகுந்தவர். பல்கலைக்கழக வாழ்வைப் பட்டதாரி நண்பர் வாயிலாகக் கேட்டறிந்தோமேயன்றி வாழ்ந்தறிந்தோமல்லோம். ஆதலின் சிங்கப்பூர் சென்றிருந்த காலை, அங்குள்ள தேசியப் பல்கலைக்கழகத்தைக் காண வேண்டுமென்ற ஆவல் மிகுந்திருந்தது. 1905ஆம் ஆண்டில் ஒரு மருத்துவப் பள்ளியாகத் தொடங்கி, 1980ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் நன்யாங் பல்கலைக்கழகமும் ஒன்றிணைந்தபொழுது இன்றைய பெயரைப் பெற்றது அந்நிறுவனம். அங்குப் பயின்றுகொண்டிருந்த நம் பழைய மாணவர் ஒருவர் எம்மை வாயிலில் எதிர்கொண்டார். "சேர், நூல்நிலையம் எங்கும் ஓடிப் போகாது, முதலில் சாப்பிட வாருங்கோ" என்று கூறி, 2011ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற 'பல்கலைக்கழக நகர்' என்னும் பகுதிக்கு அழைத்துச் சென்றார். முன்னர் கொல்ஃப் மைதானமாக இருந்த நிலத்தில் மாணவர் விடுதிகளும் பசும்புல் வெளியும் உணவுக்கூடங்களும் எழுந்துள்ளன.

உணவுக்கூடம் என்றவுடன் பழைய விடுதிச்சாலைப் போசன மண்டபம் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. இரண்டும் ஒன்றல்ல. ஒக்ஸ்போர்ட், கேம்பிறிட்ஜ் முதலிய பழைய பல்கலைக்கழகக் கல்லூரிகளின் மண்டபத்தில் அடுக்களை ஒன்று. குறித்த வேளையில் யாவர்க்கும் உணவு பரிமாறப்படும். ஆனால் ஆசிரியப் பெருமக்கள் ஒரு முனையில் உயர்ந்த மேடைமேல் இட்ட மேசையில் அமர்வர். மாணவர் கீழே நீண்ட வாங்குகளில் இருப்பர். புதிய உணவுக்கூடமோ வேறொரு மரபில் வந்தது. சிங்கப்பூரின் தெருவோரங்களிலே தள்ளுவண்டியிலும் காவடித் தண்டிலும் உணவு விற்றோரை அரசினர் 1968, 1969ஆம் ஆண்டுகளிற் பதிவு செய்தனர். தண்ணீர்க் குழாயும் கழிவுநீர் வாய்க்காலும் உடைய பொதுக் கூடங்களைக் கட்டி, 1986ஆம் ஆண்டளவில் அவர்களை அவற்றினுட் குடியேற்றி முடித்தனர். அக்கூடங்களின் பண்பாட்டை யுனெஸ்கோ நிறுவனம் 2020ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் மானிட குலத்தின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. பல்கலைக்கழகத்து உணவுக்கூடம் அத்தெருக்கடை மரபின் பேரப்பிள்ளை என்று கூறலாம்.

இனி அதன் அமைப்பைக் கூறுவோம். சுவரோரமாகச் சிறு கடைகள் வரிசையாக உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனிப் புகைபோக்கி. ஒன்றிற் கோழிச் சோறு, ஒன்றில் மலாய்க்காரரின் தேங்காய்ப்பாற் சோறாகிய நாசி லெமாக், ஒன்றில் நூடில்ஸ், ஒன்றில் நம் தோசையும் ரொட்டியும், ஒன்றிற் சீனரின் மரக்கறி உணவு. பௌத்த நெறி பற்றிய அச்சீனக் கடையில் வெங்காயமும் உள்ளியும் விலக்கப்படுவதுண்டு என்பதைக் கேட்டு, விரதச் சமையல் அறிந்த எமக்கு வியப்பும் உவகையும் உண்டாயின. கடைகளுக்கு நடுவே பரந்த வெளியில் மேசைகளும் கதிரைகளும் இடப்பட்டுள்ளன. அவை எந்தக் கடைக்கும் உரியனவல்ல. எங்கு வாங்கியவரும் எங்கும் அமரலாம்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. இஸ்லாமியர்க்கு ஹலால் அல்லாத உணவு ஆகாது. உணவைத் தொட்ட பாத்திரமும் கலத்தல் ஆகாது. ஆதலின் ஹலால் கடைகளுக்குரிய பீங்கான்களும் தட்டங்களும் வேறாக வைக்கப்படுகின்றன. பெரும்பாலும் நிறத்தினால் அவை வேறுபடுத்தப்பட்டிருக்கும். உண்டு முடிந்தபின் அவற்றைத் திருப்பி வைக்கும் அடுக்குகளும் வேறு. கழுவும் இடமும் வேறு. ஒருவன் தன் தட்டத்தைத் தவறான அடுக்கில் வைப்பானாயின், அவனுக்கு நட்டம் ஒன்றுமில்லை; முகமறியாத மற்றொருவனின் நம்பிக்கைக்கே ஊறு நேரும். அங்ஙனமாகவும், எம் கண்முன்னே நூற்றுக்கணக்கான இளைஞர் பிறர் ஏவாமலே தத்தம் தட்டத்தை உரிய அடுக்கில் வைத்துச் சென்றனர். இந்நாட்டின் பொது உணவு நிலையங்களில் தட்டத்தைத் திருப்பி வைத்தல் 2021ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் முதற் சட்டமாகவும் வந்துள்ளது. எனினும் அடுக்கறிந்து வைக்கும் அக்கறையைச் சட்டம் மட்டும் ஊட்டிவிட முடியாது.

கணக்கு விரும்பும் மாணவர்க்கு ஒரு சிறு கணக்கும் உண்டு. ஒரு கூடத்தில் 400 இருக்கைகள் உள்ளன எனக் கொள்வோம். ஒருவர் 20 நிமிடம் இருந்து உண்பாராயின் ஒரு மணி நேரத்தில் 1,200 பேர் உண்ணலாம். ஆனாற் கடைகள் பத்தாகி, ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஒருவர்க்கே உணவு வழங்குமாயின், அந்த ஒரு மணி நேரத்தில் 600 பேருக்கு மேல் உணவு பெறுதல் இயலாது. கதிரை பாதி வெறுமையாக இருக்கவும் வரிசை வாயில்வரை நீளுவதன் காரணம் இதுவே. ஆதலாற்றான் சமைத்த கறிகளை முன்னரே பரப்பி வைத்து, வேண்டியதைச் சுட்டிக் காட்டியவுடன் சோற்றின் மேல் இட்டுக் கொடுக்கும் கடை இத்தகைய கூடத்துக்கு இன்றியமையாததாகின்றது. விரைவு மிகுதி, விலையோ குறைவு.

சமைத்ததைப் பரப்பி வைத்தலில் ஓர் ஆபத்தும் உண்டு. 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் நோய்க்கிருமிகள் விரைந்து பெருகும். ஆகவே சூடான உணவை 60 பாகைக்கு மேலும், குளிர்ந்த உணவை 5 பாகைக்குக் கீழும் வைத்தல் அந்நாட்டு விதி. கறிகளின் கீழே வெந்நீர்த் தொட்டியும் மேலே வெப்ப விளக்கும் இருப்பது அழகுக்காக அன்று. பானங்களுக்கும் இப்போது தர அடையாளம் வந்துவிட்டது. சீனியும் நிரம்பிய கொழுப்பும் எவ்வளவு உள்ளன என்பதை நோக்கி ஏ முதல் டி வரை நான்கு தரங்கள் வகுத்துள்ளனர். கடையிலே கலந்து கொடுக்கும் பானங்களுக்கும் 2023ஆம் ஆண்டு டிசெம்பர் இறுதி முதல் இவ்விதி உண்டு.

குறை இல்லாத கூடம் என்று யாம் கூறவில்லை. கைக்குட்டைக் கடதாசிப் பொதி ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு இடம் பிடித்துச் செல்லும் வழக்கம் அங்கே பெரிது. தனியே இருந்து கைத்தொலைபேசியைப் பார்த்தபடி, தாம் உண்பது இன்னதென்று அறியாமலே உண்பாரையும் கண்டோம். பரிமாறுவார் இன்மையால், "இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்று கேட்கும் குரலும் அங்கு இல்லை. நம் பந்தியின் இனிமை அக்குரல் அன்றோ!

எம்மை அழைத்துச் சென்ற மாணவர் மச்சம் புழங்காத சைவக் குடும்பத்திற் பிறந்தவர். முதல் மாதம் முழுவதும் தம் தோசையை எடுத்துக்கொண்டு தூணோரத்துச் சிறு மேசையில் தனித்திருந்து உண்டாராம். "அவர்கள் ஒருவரும் என்னை விலக்கவில்லை, சேர். நான்தான் விலகியிருந்தேன்" என்றார். ஒருநாள், உடன் பயிலும் மலாய் மாணவன் அவரைக் கைகாட்டி அழைத்தான். அவனருகே பன்றியிறைச்சி நூடில்ஸ் உண்டுகொண்டிருந்தான் ஒரு சீன மாணவன். "நீ உண்பதை அவன் கேட்கமாட்டான், அவன் உண்பதை நான் கேட்கமாட்டேன், நாளைக்குச் சோதனை மூவருக்கும் ஒன்றுதானே, வா" என்றானாம் அம்மலாய் மாணவன். அன்று தொடங்கிய நட்பு மூன்றாண்டாக நிலைத்துள்ளது. நம் மாணவர் இன்றும் மச்சம் உண்பதில்லை. மலாய் மாணவனும் தன் நெறி வழுவவில்லை. மேசை மட்டும் ஒன்றாயிற்று.

இதனைக் கேட்டபொழுது எம் நெஞ்சம் ஊருக்குத் திரும்பிற்று. அங்கே அடுப்புகள் பல, மேசை ஒன்று. நம்மிடமோ நெடுங்காலம் அடுப்பு ஒன்றாகவும் பந்தி பலவாகவும் இருந்தன. யாம் சிறுவராயிருந்த காலத்தில் ஒரு கொண்டாட்ட வீட்டிலே, ஒரே கிடாரத்துச் சோறு, ஒரே பருப்பு, ஒரே பாயசம். ஒரு சாரார் பந்தலுள் தலைவாழையிலை முன் இருந்தனர். பந்தலுக்கு மரம் தறித்துக் கொடுத்த முதியவரும் அவர் பிள்ளைகளும் வேலிக்கு அப்பால் தாம் கொண்டுவந்த ஏனத்தில் வாங்கிச் சென்றனர். அப்பிள்ளைகளுள் ஒருவன் எம் வகுப்புத் தோழன். அவன் எம்மைப் பார்த்தான். யாம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏனென்று ஒருவரையும் கேட்டிலோம்.

இக்கொடுமையை எதிர்த்தோர் நம்மிடையே இல்லாமலில்லை. 1924ஆம் ஆண்டில் மாணவர் காங்கிரசாகத் தோன்றிப் பின் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற இயக்கத்தார், பாடசாலைகளிற் சமாசனமும் சமபோசனமும் வேண்டுமென்று போராடினர். உணவுச்சாலைகளிலும் கோயில்களிலும் சாதி காரணமாக ஒருவரைத் தடுத்தல் குற்றமென 1957ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. கூறியும், தேநீர்க்கடைகளிற் சிலர்க்குப் போத்தலிலும் தகரப் பேணியிலும் தேநீர் கொடுக்கும் வழக்கம் ஒழிந்ததில்லை; 1966ஆம் ஆண்டு முதல் எழுந்த போராட்டங்களின் பின்னரே பல கடைகளின் கதவு யாவர்க்கும் திறந்தது. பசித்தோர் யாவர்க்கும் அமுதசுரபியினின்று சோறிட்ட மணிமேகலையை வகுப்பிலே கற்பிக்கும் நாம், இவ்வரலாற்றையும் சேர்த்துக் கற்பித்தல் கடன்.

வேற்றுமை இரு வகைப்படும் என்பதே அவ்வுணவுக்கூடம் எமக்குக் கற்பித்த பாடம். தன் நெறி பற்றித் தான் உண்பதை ஒருவன் தெரிந்துகொள்ளுதல் ஒன்று. பிறன் எங்கே இருக்கவேண்டும் என்று தான் தீர்மானித்தல் மற்றொன்று. முன்னதற்கு இடங்கொடுக்க வேண்டுமாயின் அடுப்பையும் பாத்திரத்தையும் பிரித்தாற் போதும். பின்னதற்கு எந்தக் கூடத்திலும் இடமிருத்தலாகாது.

நம் கல்லூரிக்கும் புதிய போசனசாலை ஒன்று அமைத்தல் வேண்டுமெனப் பழைய மாணவர் சிலர் பேசிவருகின்றனர். சிங்கப்பூர்க் கூடத்தின் பளிங்குத் தரையும் குளிரூட்டும் பொறியும் நமக்கு வேண்டுவனவல்ல. மரக்கறிக்குத் தனி அடுக்களையும், ஹலால் உணவு வேண்டும் பிள்ளைக்கு உரிய ஒழுங்கும், கைகழுவப் போதிய குழாய்களும், தலைமாடு கால்மாடு இல்லாத மேசைகளும் இருந்தாற் போதும். இன்று சாதியைக் காட்டிலும் வறுமையே நம் பிள்ளைகளை மதிய வேளையிற் பிரிக்கின்றது. பாணும் சம்பலும் மட்டும் உள்ள பொதியைச் சட்டையுள் மறைத்துக்கொண்டு மாமரத்துக்குப் பின்னே செல்லும் பிள்ளையை ஆசிரியர் யாவரும் அறிவர். எல்லோர்க்கும் ஒரே பீங்கானில் ஒரு நேரச் சோறு கிடைக்குமாயின், மறைப்பதற்கு அவனிடம் ஒன்றும் இராது.

ஆசிரியர்க்கென வேறு மேசை இடவேண்டா என்றும் வேண்டிக்கொள்கின்றோம். அச்சாலை திறக்கும் நாளில், எம் பீங்கானை யாமே கழுவி உரிய அடுக்கில் வைப்போம்.