எந்த ஆலை சிறு ஆலை?

ஒரு நாளைக்கு 80 டன் நெல் அரைக்கும் அரிசி ஆலை ஒன்று தஞ்சாவூர்ப் பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாய்லர், டிரையர், கலர் சார்ட்டர், வாசலில் வரிசையாக லாரிகள். ஊரார் கண்ணுக்கு அது பெரிய கம்பெனி. ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 24,000 டன் நெல். நூறு கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி என்ற கணக்கில் 16,320 டன் அரிசி. கிலோ 40 ரூபாய் என்றால் விற்றுமுதல் 65 கோடி ரூபாயைத் தாண்டும்.

2025 மார்ச் 31 வரை இந்த ஆலை 'நடுத்தர' நிறுவனம். ஏப்ரல் 1 முதல், ஒரு திருகாணியைக்கூட மாற்றாமலேயே, அது 'சிறு' நிறுவனமாகத் தகுதி பெற்றுவிட்டது. அன்றுதான் மத்திய அரசு உயர்த்திய வரம்புகள் நடைமுறைக்கு வந்தன. இயந்திர முதலீடு இரண்டரைக் கோடிக்குள்ளும் விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறு நிறுவனம். 25 கோடி, 100 கோடிக்குள் இருந்தால் சிறு நிறுவனம். 125 கோடி, 500 கோடி வரை நடுத்தரம். சிறு நிறுவனத்துக்கான முந்தைய விற்றுமுதல் வரம்பு 50 கோடிதான்.

பெயர் மாறினால் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். நிறைய வரும். அரசுக் கொள்முதலில் கிடைக்கும் முன்னுரிமை குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டுமே. நடுத்தர நிறுவனத்துக்கு அது கிடையாது.

கணக்கெடுக்கும் முறையும் காவிரி டெல்டாக்காரர்களுக்குச் சாதகமானதுதான். நிலமும் கட்டடமும் முதலீட்டில் சேராது. தாத்தா காலத்து இரண்டு ஏக்கர் மனை, நெல் காய வைக்கும் களம், கோடவுன் எல்லாம் கணக்குக்கு வெளியே. மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளின் விலையையும் கழித்துவிடலாம். இயந்திரங்களுக்குக்கூட வாங்கிய விலை பார்ப்பதில்லை. வருமானவரிக் கணக்கில் தேய்மானம் போக மிஞ்சும் மதிப்புதான் எடுக்கப்படும். ஏற்றுமதி வருவாய் விற்றுமுதலில் சேராது. ஆனால் ஒரே பான் எண்ணில் மூன்று ஆலை இருந்தால் மூன்றும் சேர்த்து ஒரே நிறுவனம்.

தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு ஹல்லிங் ஏஜென்டாக அரைத்துத் தரும் ஆலைகளின் நிலை இன்னும் வேறு. கொள்முதல் நிலையத்திலிருந்து வரும் நெல்லும் கழகத்துடையது, திரும்பிப் போகும் அரிசியும் கழகத்துடையது. ஆலைக்கு வருவது அரவைக் கூலி. அதனால், சொந்தமாக நெல் வாங்கி அரிசி விற்கும் ஆலையைவிட அவர்களின் விற்றுமுதல் மிகக் குறைவாகவே நிற்கும்.

அரசுக் கொள்முதலில் கிடைக்கும் அந்த முன்னுரிமைக்கு அடிப்படை 2012-இல் வந்த பொதுக் கொள்முதல் ஆணை. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு 4 சதவீதமும் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 3 சதவீதமும் ஒதுக்கீடு. 358 பொருள்களைக் குறு, சிறு நிறுவனங்களிடம் மட்டுமே வாங்க வேண்டும். இந்த ஆணை எங்கோ டெல்லியோடு நிற்பதல்ல. திருச்சி பெல், பொன்மலை ரயில்வே பணிமனை, காரைக்கால் ஓஎன்ஜிசி என்று டெல்டாவிலும் அதன் ஓரத்திலும் இருக்கும் வாங்குபவர்கள் எல்லாரையும் கட்டுப்படுத்துவது. அமெரிக்காவில் இதற்கென 1953-லேயே தனிச் சட்டம் போட்டார்கள். அங்கே இலக்கு 23 சதவீதம்.

டெண்டரில் இந்த முன்னுரிமை எப்படி வேலை செய்கிறது? பெரிய கம்பெனி ஒன்று ஒரு பொருளுக்கு 100 ரூபாய் கேட்டு எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை கேட்டவர், ஆகிறது. சிறு பட்டறைக்காரர் 112 கேட்டிருக்கிறார். வித்தியாசம் 15 சதவீதத்துக்குள் இருப்பதால், 100 ரூபாய்க்கே தர அவர் சம்மதித்தால் ஆர்டரில் குறைந்தது கால் பங்கு அவருக்கு வரும். டெண்டர் படிவம் இலவசம். ஈஎம்டி எனப்படும் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டியதில்லை. கையிருப்பு முழுதையும் அடுத்த மாதச் சரக்கில் போட்டிருக்கும் பட்டறைக்கு இந்த ஈஎம்டி விலக்குதான் பெரிய உதவி.

மாநில அரசின் கொள்முதல் இந்த ஆணைக்குள் வராது. அதற்கு 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்த்துக் கடைந்து விற்பவர் உற்பத்தியாளர். அதே விளக்கை வாங்கிக் கும்பகோணத்தில் கடை வைத்து விற்பவர் வியாபாரி. இருவரும் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுத் தளத்தில் பதியலாம். 2021 ஜூலை முதல் வியாபாரிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அது வங்கிக் கடனில் முன்னுரிமைக்காக மட்டும். டெண்டர் சலுகை வியாபாரிக்கு இல்லை. ஆகவே பதியும்போது தேர்ந்தெடுக்கும் தொழில் குறியீடு முக்கியம். பட்டறையும் கடையும் சேர்த்து நடத்துபவர், அவசரத்தில் 'விற்பனை' என்று மட்டும் போட்டுவிட்டு வந்தால், தானே வார்த்த விளக்குக்கும் சலுகை கேட்க முடியாமல் போகும். கட்டடம், சாலை போன்ற பணி ஒப்பந்தங்களும் இந்த ஆணையில் சேராது.

ஆர்டர் கிடைத்த பிறகு வருவது அதைவிடப் பெரிய கவலை: பணம் எப்போது கைக்கு வரும்? 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தள்ளக்கூடாது. தள்ளினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டியாகச் சேரும். டெல்டாக்காரர்கள் முறையிட வேண்டிய வசதியாக்க மன்றம் திருச்சியில் உள்ளது. மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போனால், முதலில் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். சிறியவருக்கு இவ்வளவு பலமான ஆயுதம் வேறு எந்தச் சட்டத்திலும் எளிதில் கிடைக்காது.

அந்த ஆயுதம் பதிந்தவர் கையில்தான் இருக்கும். சரக்கு அனுப்பிய பிறகு பதிந்துகொண்டு பழைய பாக்கிக்கு வட்டி கேட்க முடியாது என்று 2021-இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே டெண்டர் விளம்பரம் கண்ணில் படும்வரை காத்திருக்க வேண்டாம். பதிவுக்குக் கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. பணம் கேட்கும் தனியார் தளங்களை நம்ப வேண்டாம். ஆதார், பான், ஜிஎஸ்டி எண்ணுடன் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனால் வழிகாட்டுவார்கள். ஏற்கெனவே பதிந்திருப்பவர்கள் தங்கள் சான்றிதழை எடுத்து, அதில் இன்னும் 'நடுத்தரம்' என்றே இருக்கிறதா, தொழில் குறியீடு உற்பத்தியைச் சொல்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.