உழைத்துக்கொண்டே கற்போரும் வருமான வரியும்

கலகெதரயிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் கண்டி நகருக்கு நாளாந்தம் வேலைக்குச் செல்லும் இளைஞர், யுவதிகளில் பலர் வார இறுதியில் மாணவர்களாகிவிடுகின்றனர். பொல்கொல்லையிலுள்ள திறந்த பல்கலைக்கழகப் பிராந்திய நிலையம், கணக்கியல் வகுப்புகள், கணினிக் கற்கைகள் என அவர்கள் நாடும் வழிகள் பல. சில நிறுவனங்கள் ஊழியர் செலுத்திய கற்கைக் கட்டணத்தை மீளளித்து ஊக்குவிக்கின்றன. இப்பணத்துக்கு வரி உண்டா என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, ஊழியர் தமக்கெனச் செய்த செலவைத் தொழில்தருநர் மீளளித்தால் அத்தொகையும் தொழில் வருமானமாகவே கொள்ளப்படும். தொழில்தருநரின் சார்பில் செய்த செலவுக்கு விலக்குண்டு. முழுநேர ஊழியர் அனைவருக்கும் சமமாக வழங்கப்படும் மருத்துவச் செலவுக்கும் விலக்குண்டு. கற்கைக் கட்டணத்துக்கு அவ்வாறான தனி விலக்கு இல்லை.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். மாதம் 1,40,000 ரூபா பெறுபவரின் ஆண்டு வருமானம் 16,80,000 ரூபா. 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை வரிவிடுப்பு உள்ளதால் அவருக்கு வரியில்லை. நிறுவனம் 2,40,000 ரூபா கட்டணத்தை மீளளித்தால் வருமானம் 19,20,000 ரூபாவாகும். எல்லையைத் தாண்டிய 1,20,000 ரூபாவுக்கு 6 சதவீதப்படி 7,200 ரூபா வரி விழும். மேற்படிகளில் இருப்போருக்கு இவ்வீதம் 36 சதவீதம் வரை உயரும். மாதம் 1,20,000 ரூபா பெறுபவர் அதே தொகையைப் பெற்றாலும் வரி எல்லைக்குள் வரமாட்டார்.

2020 ஜனவரி முதல் 2022 டிசம்பர் வரை கல்வி, மருத்துவம் உள்ளிட்ட செலவுகளுக்கு மொத்தமாக ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபா வரை கழிவு பெற முடிந்தது. பொருளாதார நெருக்கடியை அடுத்து வந்த வரித் திருத்தங்களில் அச்சலுகை நீங்கியது. அமெரிக்காவிலோ, 1978இல் தொடங்கிய ஏற்பாட்டின் கீழ், எழுத்திலமைந்த திட்டமொன்றின்படி தொழில்தருநர் வழங்கும் கல்வி உதவியில் ஆண்டுக்கு 5,250 டொலர் வரை ஊழியரின் வரிக்குரிய வருமானத்தில் சேர்க்கப்படுவதில்லை.

நாட்டின் வருவாய்த் தேவையை எவரும் மறுக்க முடியாது. எனினும் இன்று கற்பவரே நாளை கூடுதல் வரி செலுத்துபவர். உரிய உச்சவரம்புடன் கற்கைக் கட்டணத்துக்கும் மருத்துவச் செலவைப் போன்ற விலக்களிப்பது பற்றி அரசு சிந்திக்க வேண்டும். அதுவரை, மீளளிப்பு எந்த அடிப்படையில் வழங்கப்படுகிறது என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் பெற்றுக்கொள்வதும், பற்றுச்சீட்டுகளைப் பேணி வைப்பதும் ஊழியருக்கு நலம் பயக்கும்.