முகத்தில் பரீட்சை வேண்டாம்!

குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டது என்ற செய்தி வந்தால் வீட்டில் சும்மா இருக்க முடிகிறதா? ஆனி பிறந்ததும் பிறக்காததுமாக மூட்டையைக் கட்டிக்கொண்டு தென்காசி ஸ்டேஷனில் இறங்கிவிடுகிறோம். அங்கிருந்து ஐந்து கிலோ மீட்டர் போனால் போதும். பேரருவி கண்ணுக்குத் தெரியும் முன்பே அதன் ஓசை காதில் விழுந்துவிடும்.

அருவிக்கரையில் இன்னொரு காட்சியையும் நேயர்கள் பார்த்திருப்பீர்கள். இடுப்பில் ஒரு துண்டோடு, ஊரில் பெரிய மனிதர்களாக உலவும் கனவான்கள் எல்லாம் பச்சைக் குழந்தைகளைப் போல் உட்கார்ந்திருப்பார்கள். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் தலையில் ஒரு கை எண்ணெயை வைத்துத் 'தப தப' என்று தட்டுவார். எண்ணெய் வழிய வழிய அப்படியே எழுந்து போய் அருவியில் நிற்பதிலுள்ள சுகத்தை அநுபவித்தவர்களே அறிவார்கள்.

நானும் அப்படி உட்கார்ந்திருந்தேன். தேய்த்துவிட்டவருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். தோளைப் பிடித்துவிட்ட சுகத்தில், "அண்ணாச்சி! கழுத்திலும் ஒரு சொடக்கு எடுத்துவிடுங்களேன்!" என்றேன்.

அவர் கை நின்றுவிட்டது.

"அது மட்டும் வேண்டாம், தம்பி. சொடக்கு எடுக்கது லேசு. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அதைச் சரி பண்ண எனக்குத் தெரியாதுல்லா? தெரியாத காரியத்தில் கையை வைக்கப்படாது" என்றார்.

அந்தப் பெரியவர் எந்தக் காலேஜிலும் படித்தவரல்லர். ஆனால் அவர் சொன்னதைப் பெரிய பெரிய டாக்டர்கள் ஆமோதிக்கிறார்கள். 2017-ல் டில்லியில் ஒருவருக்குத் தலையைப் பிடித்துவிட்ட நாவிதர் கழுத்தையும் நெட்டி முறித்தார். சுவாசத்துக்கு உதவும் உதரவிதானத்தை இயக்குகிற நரம்பு கெட்டுப்போய், அந்த மனிதர் மூச்சு விடவே திண்டாடும்படி ஆயிற்று. 2024-ல் கர்நாடகத்திலுள்ள பல்லாரியில் முப்பது வயது இளைஞர் ஒருவருக்கு இதே மாதிரி கழுத்தைத் திருப்பியதில் மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து, பக்கவாதமே வந்துவிட்டது.

தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலையிலேயே இவ்வளவு ஜாக்கிரதை வேண்டியிருக்கிறது என்றால், நேற்று வந்த புது அழகு சிகிச்சைகளைப் பற்றி என்ன சொல்வது? அந்தக் கேள்வியோடுதான் மறுநாள் தென்காசிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சுருட்டி வைத்த விளம்பரம்

காசி விசுவநாதர் கோயில் கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, என் மனைவி ரத வீதிக்குப் பக்கத்திலுள்ள ஓர் அழகு நிலையத்துக்குள் நுழைந்துவிட்டாள். 'பெண்களுக்கு மட்டும்' என்று போர்டு போட்டிருந்தபடியால் நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து தவம் செய்தேன். சிறிது நேரத்தில் கடைக்கார அம்மாளே ஒரு டம்ளர் காப்பியோடு வெளியே வந்தார். உள்ளே இரண்டே நாற்காலிகள். வேலைக்கு ஒரு பெண். கல்யாண மாதங்களில் சாப்பிடவும் நேரம் கிடைக்காதாம்.

அலமாரியின் மேல் ஒரு வண்ண விளம்பரம் பிரிக்காமல் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. "அது என்ன?" என்று விசாரித்தேன்.

"முடியை நேராக்குத புது மருந்து, தம்பி. 'கெரட்டின்'னு சொல்லுதாங்க. கம்பெனி ஆள் வந்து ஒரே நாள் சொல்லிக் கொடுத்தாரு. சாயங்காலமே சர்ட்டிபிகேட்டும் கொடுத்துட்டாரு. நான்தான் இன்னும் சுவத்தில் ஒட்டலை."

"ஏன் ஒட்டவில்லை?"

அந்த அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"ஏற்கெனவே ஒரு தடவை பட்டுட்டேன். கல்யாணத்துக்கு அஞ்சு நாள் இருக்கையில் ஒரு பிள்ளைக்குத் தலைக்குச் சாயம் போட்டேன். புதுசா வந்த சாயம். முதல்ல காதுக்குப் பின்னால தடவிப் பார்க்கணும்னு பாட்டில்லயே எழுதியிருந்துச்சு. அவசரத்தில் பார்க்கலை. மறுநாள் காலையில் அந்தப் பிள்ளைக்குக் கண் ரெண்டும் வீங்கித் திறக்க முடியலை. திருநெல்வேலிக்குத் தூக்கிட்டு ஓடினோம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு என் வளையலை அடகு வச்சேன். வளையல் போனா வாங்கிக்கிடலாம். அந்தப் பிள்ளையோட கல்யாணப் போட்டோவை நான் எங்க போய் வாங்குவேன்?"

அதற்குப் பிறகு அந்த அம்மாள் கடையை வேலைக்காரப் பெண்ணிடம் விட்டுவிட்டு, ஆறு மாதம் திருநெல்வேலிக்குப் போய் முறையாகப் படித்திருக்கிறார். நாற்பதை நெருங்கும் வயதில், பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல் நோட்டுப் புத்தகத்தோடு பஸ் ஏறியிருக்கிறார்!

பாட்டிலுக்குள் இருப்பது என்ன?

கறுப்புச் சாயங்களில் பலவற்றில் 'பாராபினைலின்டையமின்' என்ற ரசாயனம் கலந்திருக்கிறது. சிலருடைய உடம்புக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஒன்பது தடவை ஒத்துக்கொண்டவருக்குப் பத்தாவது தடவை ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு. அரிப்பும் வீக்கமும் உடனே தெரிந்துவிட்டால் நல்லதுதான். பல சமயங்களில் ஒரு நாள், இரண்டு நாள் கழித்தே தெரியும். அதனால்தான் முன்கூட்டியே சிறிது தடவிச் சோதித்துப் பார்க்க வேண்டும், புருவத்துக்கும் இமைக்கும் போடக் கூடாது, போட்டால் கண் பார்வையே போகலாம் என்ற எச்சரிக்கையைத் தலைச் சாயத்தின் மீது அச்சிட வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் சொல்கிறது. பொடி எழுத்தில் இருப்பதால் நாம் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

முடியை நேராக்கும் மருந்துகளின் கதையும் இதுதான். சிலவற்றில் 'பார்மால்டிஹைடு' இருக்கும்; அல்லது சூடுபட்டதும் அது வெளிப்படும். புற்றுநோய் உண்டாக்கும் வஸ்துக்களின் பட்டியலில் இடம் பெற்றது அது. அதற்குப் பதிலாகச் சில மருந்துகளில் 'கிளையாக்ஸிலிக் அமிலம்' சேர்க்கிறார்கள். இளம் பெண் ஒருத்தி அத்தகைய மருந்தைப் போட்டுக்கொண்ட மூன்று தடவையும் அவளுடைய சிறுநீரகம் கெட்டுப்போனதைப் பிரெஞ்சு டாக்டர்கள் 2024-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்ற பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே, ஒரு புதுச் சிகிச்சையைக் கற்பது என்றால் பிரஷ்ஷைப் பிடிக்கக் கற்பது மட்டும் போதாது. பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது, யாருக்குப் போடக் கூடாது, தவறு நேர்ந்தால் முதல் ஐந்து நிமிஷத்தில் என்ன செய்ய வேண்டும் - இந்த மூன்றும் தெரிந்தால்தான் அது பயிற்சி. ஐ.டி.ஐ.களில் அழகுக்கலைக்கு ஒரு வருஷப் படிப்பு இருக்கிறது. அழகுத் தொழிலுக்கென்றே மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் ஒரு தனிக் கவுன்சிலும் இருக்கிறது. அந்த அடிப்படை இல்லாமல் கம்பெனிக்காரரின் ஒரு நாள் பாடத்தை மட்டும் நம்புவது, நீச்சல் தெரியாமல் படகு ஓட்டுவது போலத்தான்.

அழகு நிலையம் ஆஸ்பத்திரி ஆகுமா?

அழகு நிலையத்தில் செய்யவே கூடாத காரியங்களும் உண்டு. 2016 மே மாதம் சென்னையில் நடந்தது நினைவிருக்கலாம். இருபத்திரண்டு வயது மருத்துவ மாணவர் ஒருவர் தலையில் முடி நட்டுக்கொள்ளப் போனார். மயக்க மருந்து கொடுத்துச் சிகிச்சை நடந்தது. சில நாளில் அவர் உயிரோடு இல்லை. அந்த இடத்துக்கு அழகு நிலையம் நடத்த மட்டுமே உரிமம் இருந்தது என்பது பிறகுதான் தெரிய வந்தது. டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளையே ஏமாந்தார் என்றால், நம்மைப் போன்றவர்கள் எந்த மூலை?

டில்லியிலும் இதைப் போல் ஒரு மரணம் நேர்ந்தது. அதன் பிறகு, 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் வழிகாட்டு முறைகளை வெளியிட்டது. முடி நடுவது முதலிய காரியங்களைப் பதிவு பெற்ற வைத்தியர்களே செய்ய வேண்டும் என்றும், யூடியூபைப் பார்த்தோ பயிலரங்கில் வேடிக்கை பார்த்தோ கற்பது பயிற்சி ஆகாது என்றும் அதில் கண்டிருக்கிறது. டாக்டர்களுக்கே அந்த நிபந்தனை என்றால், மற்றவர்கள் ஊசியைத் தொடலாமா?

எந்த இன்சூரன்ஸ்?

"எல்லாம் படித்தாயிற்றே, இன்னும் ஏன் விளம்பரத்தை ஒட்டவில்லை?" என்று கடைக்கார அம்மாளைக் கேட்டேன்.

"இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கேன், தம்பி. பதில் வரட்டும்" என்றார்.

இன்சூரன்ஸ் என்றதும் நமக்கு நினைவு வருவது எல்.ஐ.சி. ஏஜெண்டுதான். அவர் வருகிறார் என்றால் பின்வாசல் வழியாக நழுவுவது நம் வழக்கம்! ஆயுள் இன்சூரன்ஸ் வேறு, இது வேறு. கடைக்குத் தீ விபத்து பாலிஸி எடுத்திருந்தால் நாற்காலிக்கும் கண்ணாடிக்கும் பணம் கிடைக்கும். நாற்காலியில் உட்கார்ந்தவரின் முகத்துக்குக் கிடைக்காது. வாடிக்கைக்காரர் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தால் உதவுவது பொதுப் பொறுப்பு இன்சூரன்ஸ். நம் கை செய்த வேலையால் தீங்கு நேர்ந்தால் உதவுவது தொழில் பொறுப்பு இன்சூரன்ஸ்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பாலிஸி எடுக்கும்போது எந்தெந்த வேலை செய்வதாகச் சொன்னோமோ, அவற்றுக்குத்தான் பாதுகாப்பு. புருவம் திருத்துகிறேன் என்று சொல்லிவிட்டு, முகத்துக்கு அமிலம் பூசினால் கம்பெனி கையை விரித்துவிடும். 'செய்தவருக்குப் பயிற்சி உண்டா? சான்று எங்கே?' என்றும் கேட்கும். ஆகையால் புது வேலை தொடங்கும் முன்பே எழுத்து மூலம் தெரிவித்து, எழுத்து மூலம் பதில் வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பயிற்சி இல்லாத இடத்தில் பாலிஸியும் வெறும் காகிதம்தான்.

"முடி வெட்டுவதில் என்ன பெரிய நஷ்டம்?" என்று நினைக்காதீர்கள். 2018-ல் டில்லியில் ஒரு பெரிய ஹோட்டல் சலூனில், சொன்னதைவிடக் கூந்தலைக் கட்டையாக வெட்டிவிட்டார்கள் என்று ஒரு பெண்மணி வழக்குத் தொடுத்தார். தேசிய நுகர்வோர் ஆணையம் 2021-ல் 2 கோடி ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது! 2023 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட், சேவையில் குறை இருந்தது என்ற முடிவில் தலையிடாமல், தொகைக்கு மட்டும் தகுந்த அத்தாட்சி வேண்டும் என்று திருப்பி அனுப்பியது. வழக்கு அதன் பிறகும் நீண்டது. இரண்டு நாற்காலிக் கடைக்கு இப்படி ஒரு வழக்கு வந்தால் தாங்குமா? வளையல் எத்தனை தடவை அடகுக் கடைக்குப் போகும்?

நீங்கள் கேட்க வேண்டியவை

நேயர்களே, நாற்காலியில் சாயும் முன் நாலு கேள்வி கேளுங்கள். இந்தச் சிகிச்சையை எங்கே, எத்தனை நாள் கற்றீர்கள்? பாட்டிலைக் காட்டுங்கள், என்ன கலந்திருக்கிறது? முன்கூட்டித் தடவிப் பார்த்தீர்களா? ஏதாவது நேர்ந்தால் யார் பொறுப்பு? நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால், வாசலுக்கு வழி தெரியும் அல்லவா?

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது எந்தப் புதுமையையும் பரீட்சித்துப் பார்க்காதீர்கள். பில்லை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். தீங்கு நேர்ந்தால் முதலில் டாக்டர், பிறகு நுகர்வோர் ஆணையம். 2019-ம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் ஜில்லா ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த கட்டணம் ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் யோசனை சொல்வார்கள்.

அன்று மாலை மறுபடியும் பேரருவிக்குப் போனேன். மலை உச்சியிலிருந்து விழும் தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவே 'பொங்குமாங்கடல்' என்ற பள்ளத்தில் விழுந்து, வேகமெல்லாம் அடங்கி, பொங்கி வழிந்து பிறகே கீழே வருகிறது. அந்தப் பள்ளம் மட்டும் இல்லாவிட்டால் அருவிக்கு அடியில் நம்மால் நிற்க முடியுமா?

தென்காசிக் கடையில் அந்த விளம்பரம் இன்னும் சுருட்டியபடியே இருக்கும் என்று நினைக்கிறேன். இருந்தால், அந்தக் கடைக்குத் தைரியமாகப் போகலாம்.