மழையும் நோயும்: வங்கதேசம் கற்றுத்தரும் பாடம்



மழை ஓர் அருட்கொடை. எனினும், நாம் கவனமின்றி இருந்தால் அந்த மழைநீரே நம் வீட்டுக் குடத்திற்குள் நோயைக் கொண்டு வந்து சேர்த்துவிடும். இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை, கங்கையும் பிரம்மபுத்திராவும் கடலில் கலக்கும் வங்கதேசத்தைக் கொண்டு அறியலாம்.

அங்கு காலரா பொதுவாக ஆண்டுக்கு இருமுறை தலைதூக்குகிறது. ஒன்று, மழைக்கு முந்திய கோடைக்காலம். மற்றொன்று, பருவமழை ஓய்கின்ற காலம். மழை குறைந்தாலும் நோய், மிகுந்தாலும் நோய்! காரணம் என்ன?

காலராக் கிருமி உப்பு கலந்த கழிமுக நீரில் இயல்பாகவே வாழக்கூடியது. நீரில் மிதக்கும் நுண்ணுயிரினங்களின் மீது அது ஒட்டிக்கொண்டிருக்கும். கோடையில் ஆற்றின் நீரோட்டம் குறைய, கடல்நீர் உள்ளே ஏறுகிறது. கிருமியும் உடன் வருகிறது. குளங்கள் வற்றுவதால், எஞ்சிய சிறிதளவு நீரே குடிக்கவும் குளிக்கவும் பயன்படுகிறது. மழைக்காலத்திலோ வெள்ளம் கழிப்பிடங்களை மூழ்கடித்து, அக்கழிவைக் கிணறுகளிலும் குளங்களிலும் கலந்துவிடுகிறது. 1988, 1998, 2004 ஆகிய ஆண்டுகளின் பெருவெள்ளங்களின்போது டாக்காவில் வயிற்றுப்போக்கு பெருமளவில் பரவியது. அதற்குக் காலராவே முதன்மைக் காரணமாக இருந்தது.

உயிர் காக்கும் கரைசல்

இந்நோயில் உயிரைப் பறிப்பது உடலின் நீரிழப்பே ஆகும். 1971இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில், மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு, 4 சதவீதத்திற்கும் கீழே இறங்கியது.

வயிற்றுப்போக்கின்போது தண்ணீர் கொடுத்தால் நோய் கூடும் என்று எண்ணுவோர் இன்றும் உள்ளனர். இது குழந்தையின் உயிரையே பறித்துவிடக்கூடிய தவறாகும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமே சிறந்தது. அது இல்லையெனில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். உப்பு மிகுந்துவிடக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். குழந்தை சோர்ந்து, கண்கள் குழிவிழுந்து, பருக இயலாமல் போனால் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

ஏழைக்கும் எளிய வழி

தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பதே உறுதியான பாதுகாப்பு. விறகுக்கும் வழியில்லாத வங்கதேசக் கிராமத்துப் பெண்கள், பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்புகளாக மடித்து நீரை வடிகட்டினர். கிருமியைச் சுமக்கும் நுண்ணுயிரினங்கள் அதில் தங்கிவிட, காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது என 2003இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

சகோதரிகளே! மழை பெய்வது நம் கையில் இல்லை. ஆனால் குடத்தை மூடி வைப்பதும், நீரைக் காய்ச்சுவதும், உணவுக்கு முன்னரும் கழிப்பிடம் சென்ற பின்னரும் சோப்பிட்டுக் கை கழுவுவதும் நம் கையில்தான் உள்ளன. பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அந்த அமானிதத்தைப் பேணுவது, அவர்கள் பருகும் ஒரு குவளை நீரிலிருந்தே தொடங்குகிறது.