உங்களுக்குத் தெரியுமா?

யாழ்ப்பாணத் தீவகத்தில் அன்று உயர அன்ரனா கட்டினால் கடல் கடந்து இந்தியாவின் தூர்தர்ஷன் வந்துவிடும். 1990களின் நடுப்பகுதியில் சென்னையிலிருந்து நடத்தப்பட்ட ஜே.ஜே. டிவி அப்படி வராது. அதற்கு டிஷ் வேண்டும், இல்லையேல் மாதக் காசு வாங்கும் கேபிள்காரர் வேண்டும். அதன் பயணமும் நீளமானது. இந்திய மண்ணிலிருந்து தனியார் நேரடியாகச் செயற்கைக்கோளுக்கு ஒளிபரப்பை ஏற்ற அன்று அனுமதியில்லை. ஆகவே தமிழ் நிகழ்ச்சிகள் வானேறப் பிலிப்பைன்ஸின் சூபிக் பே நிறுவனத்தின் வசதி தேவைப்பட்டது. செயற்கைக்கோளில் ஒளிபரப்பை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டருக்கான வாடகை அமெரிக்காவின் ரிம்சாட் நிறுவனத்துக்கு. வாடகையை டாலரில் செலுத்திய விதம் குறித்து அந்நியச் செலாவணி வழக்கு எழுந்தது. சேனல் சில ஆண்டுகளில் மறைந்தது, அதன் வழித்தோன்றலாக 1999இல் ஜெயா டிவி பிறந்தது. வழக்குக்குத்தான் ஆயுள் கெட்டி: 2017இலும் நீதிமன்றத்தில் குற்றச்சாட்டுப் பதிவு நடந்துகொண்டிருந்தது!