கணினி காட்டும் எச்சம் உண்மையா?
1823 டிசம்பரில் கணிதமேதை காஸ் தம் பழைய மாணவர் கெர்லிங்குக்கு ஒரு கடிதம் எழுதினார். நில அளவையில் வரும் சமன்பாடுகளில் மாறிகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு மல்லாட வேண்டாம். ஒரு விடையை ஊகித்து, அதைத் திருத்திக்கொண்டே போனால் போதும் என்றார். அரைத் தூக்கத்தில்கூடச் செய்யலாமாம்.

கணினிக்கு அந்தச் சலுகை இல்லை. ஓர் எண்ணில் சுமார் 16 இலக்கங்களைத்தான் அது வைத்துக்கொள்ளும், மிச்சத்தை வெட்டிவிடும். லட்சக்கணக்கான சமன்பாடுகளில் இந்த வெட்டு சும்மா இருப்பதில்லை.

1952-இல் ஹெஸ்டனஸும் ஸ்டீஃபலும் வெளியிட்ட ‘கான்ஜுகேட் கிரேடியன்ட்’ முறைப்படி, ஆயிரம் மாறிகள் என்றால் ஆயிரம் சுற்றுக்குள் சரியான விடை வந்தாக வேண்டும். காகிதத்தில் வந்தது, கணினியில் வரவில்லை. முறையை ஓரங்கட்டினார்கள். கடைசிச் சுற்றுவரை போவானேன், பெரிய கணக்குகளில் வெகு முன்பே போதுமான விடை கிடைத்துவிடுகிறதே என்று 1971-இல் ஜான் ரீட் காட்டிய பிறகுதான் அதற்கு மறுவாழ்வு.

ஆனால் சமன்பாடுகளின் கெழுக்களை அடுக்கிய அணி சமச்சீராக இருந்தால் மட்டுமே அது உதவும். காற்றோட்டம், நீரோட்டக் கணக்குகளில் சமச்சீர் கிடைக்காது. அவற்றுக்காக 1989-இல் சோன்னவெல்ட் வெளியிட்ட முறை வேகமானது, ஆனால் முரட்டுக்குதிரை. விடையைச் சமன்பாட்டில் போட்டால் மிஞ்சும் வித்தியாசத்துக்கு எச்சம் என்று பெயர். அது நடுவில் ஆயிரம் கோடி மடங்கு எகிறித் தணிந்தால், 16 இலக்கங்களில் 10 போய்விடும். தேறுவது ஆறு.

இதில் விஷமம் என்னவென்றால், கணினிக்கு இது தெரியாது. எச்சத்தை அது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடுவதில்லை. பழைய எச்சத்திலிருந்து கழித்துக்கொண்டே போகிறது. கல்லாவை எண்ணாமல் நோட்டை மட்டும் பார்த்து இருப்புச் சொல்லும் கடைக்காரர் மாதிரிதான். திரையில் எச்சம் சுழியத்தை நெருங்கும். உண்மை எச்சம் நின்ற இடத்திலேயே நிற்கும்.

1992-இல் நெதர்லாந்தின் வான் டெர் வோர்ஸ்ட், ஒவ்வொரு சுற்றிலும் எச்சத்தைக் குறைக்கும் ஒரு சிறு அடியைக் கூடுதலாகச் சேர்த்தார். துள்ளல் பெருமளவு அடங்கியது. அதுதான் இன்று பரவலாகப் புழங்கும் ‘பைசிஜிஸ்டேப்’. 2000-இல் அவரும் சியாங் யேவும் இன்னொன்றைச் சேர்த்தார்கள்: தக்க தருணங்களில் உண்மை எச்சத்தைக் கணக்கிட்டு, பழையதன் இடத்தில் வைப்பது. அடிக்கடி மாற்றினாலும் ஆபத்து, முறையின் வேகமே கெட்டுவிடும். தருணம் பார்ப்பதில்தான் சாமர்த்தியம்.

நிரல் எழுதுபவர்கள், எந்த முறையானாலும், முடிவில் ஒரு வரி சேருங்கள்: கிடைத்த விடையை மூல அணியால் பெருக்கி, வலப்பக்கத்திலிருந்து கழித்துப் பாருங்கள். செலவு ஒரே ஒரு பெருக்கல்தான்.