ரயிலில் தவறி விழுந்தால் யார் பொறுப்பு?

சித்தூர், திருப்பதிப் பக்கம் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் காட்பாடி வழியாக ஊருக்குப் போய் வருவது வழக்கம். பண்டிகை நாட்களில் வண்டியில் படிக்கட்டு வரை கூட்டம் நிற்கும். அதில் ஒருவர் தவறி விழுந்து இறந்தால், "அவருடைய அஜாக்கிரதை, யாரைக் கேட்பது?" என்று குடும்பத்தார் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ரயில்வேயில் பணிபுரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

தீங்கு செய்தவரின் தவற்றை நாம்தான் நிரூபிக்க வேண்டும் என்பது ஆங்கிலேயச் சட்டத்தின் பொதுவழி. இறந்தவரின் குடும்பம் நஷ்டஈடு கேட்கும் உரிமை அங்கே 1846-லும், அதைப் பின்பற்றி இந்தியாவில் 1855-லும் வந்தது. ஆனால் நிரூபிக்கும் சுமை குடும்பத்தின் தலையில்தான். ஜெர்மானிய நாடான பிரஷ்யா 1838-லேயே வேறு வழியில் சென்றது. ஆபத்தான தொழிலை நடத்தும் ரயில் நிர்வாகமே பொறுப்பு. அதன்மேல் தவறு உண்டா என்ற கேள்வி வேண்டாம் என்றது.

நமது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் இந்த இரண்டாவது வழியையே பின்பற்றுகிறது. 124-ஆம் பிரிவு மோதல், தடம்புரளல் போன்ற விபத்துகளுக்கு உரியது. 1994-ல் சேர்த்த 124-ஏ பிரிவு வண்டியிலிருந்து தவறி விழுவதற்கும், வண்டியிலோ நிலையத்திலோ நடக்கும் கொள்ளை, வன்முறைக்கும் பொருந்தும். வழியனுப்ப வந்து பிளாட்பாரம் டிக்கெட் வைத்திருப்பவரும் இதில் பயணியே. தற்கொலை, தானே வருவித்துக்கொண்ட காயம், தன் குற்றச்செயல், குடிபோதை, நோய் ஆகியவற்றுக்கு இழப்பீடு இல்லை.

வண்டியேற முயன்று விழுந்து இறந்த ஒரு கேரளப் பெண்ணின் வழக்கில், 2008-ல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு உண்டு என்றது. உடலருகே டிக்கெட் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது என்று 2018-ல் தீர்ப்பளித்தது. ஆனால் உரிய டிக்கெட்டுடன் பயணம் செய்தார் என்று குடும்பத்தார் பிரமாண வாக்குமூலம் தர வேண்டும்.

உயிரிழப்புக்கான தொகை 1-1-2017 முதல் எட்டு லட்சம் ரூபாய். காயங்களுக்குத் தனி அட்டவணை உண்டு. சம்பவத்தையொட்டி ரயில்வே தரும் கருணைத் தொகை வேறு, இது வேறு. அதை வாங்கிக்கொண்டதால் இந்த உரிமை போய்விடாது.

மனுவை ரயில்வே கிளெய்ம்ஸ் டிரிப்யூனலில் ஓராண்டுக்குள் போட வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால்தான் ஏற்பார்கள். ஆகவே நிலைய அதிகாரியிடமும் ரயில்வே போலீசிடமும் உடனே பதிவு செய்யுங்கள். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, டிக்கெட் அல்லது அதன் நகல், வாரிசுச் சான்று ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இதெல்லாம் நினைவுக்கு வராது. அக்கம்பக்கத்தில் உள்ள நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.